வெள்ளைக் கல்லிலிருந்து பத்துக் காலடி

"அமைதி காக்கவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகைக்கு நேர் கீழேதான் என் டிக்கெட் அறை இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பலகையின் நிழலில் உட்கார்ந்து நான் கேட்காத சத்தம் கிடையாது. காரை விட்டு இறங்கும்போதே பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், "உள்ளே புலி இருக்கா?" என்று கேட்கிறவர்கள், இல்லை என்றதும் "அப்புறம் எதுக்கு டிக்கெட்டு?" என்று மல்லுக்கு நிற்கிறவர்கள். ஒரு ஏரி, அதைச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடைபாதை, நாணல், கொஞ்சம் மரம், நிறையப் பறவை. எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நடந்தால் எல்லாம் கண்ணில் படும். பேசிக்கொண்டே நடந்தால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

என் புலம்பல் கிடக்கட்டும். காவல்காரியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன்.

காவல்காரி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். காக்கிச் சட்டை, கையில் ஒரு மூங்கில் கம்பு, தோளில் தண்ணீர்ப் பாட்டில். வாசல் திறப்பது ஆறரைக்கு. அவள் ஐந்தரைக்கே உள்ளே போய் நாலு கிலோமீட்டரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவாள். எந்த மரத்தில் எது அடைகாக்கிறது, எந்த நாணலில் எது குஞ்சுக்கு இரை கொடுக்கிறது என்று அவளைக் கேட்டால் போதும். அவள் புருஷன் வாசலுக்கு வெளியே கேன்டீன் நடத்துகிறான். டீ, பன், ஆம்லெட். "புருஷன் காலையிலிருந்து முட்டையை உடைக்கிறான், பெண்டாட்டி காலையிலிருந்து முட்டையைக் காக்கிறாள், நல்ல ஜோடி" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிப்பாள். கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மத்தியானச் சோறு எனக்கு அங்கேதான். நான் தனிக்கட்டை. அவளுக்கு நான் அண்ணன் மாதிரி, முறை ஒன்றும் இல்லாவிட்டாலும்.

வீட்டில் இன்னொருவன் உண்டு, அவள் தம்பி. தாய் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தி ஆளாக்கியவள் இவள்தான். சொந்தப் பிள்ளை இல்லாத குறை அவனாலேயே தெரியவில்லை என்பாள். அவன் ஒரு வருஷம் இங்கே புல் வெட்டுகிற வேலை பார்த்தான். பிறகு வேன் ஓட்டப் போய்விட்டான். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நகரத்திலிருந்து ஏற்றிவந்து இங்கே இறக்குவது அவன் தொழில்.

அந்தக் கல்லைப் பற்றி இப்போதே சொல்லிவிடவேண்டும். ஏரியின் தெற்குக் கரை முழுக்கச் சரளைக்கல். அங்கே உப்புக்கொத்தி என்று ஒரு சின்னப் பறவை, கூடு என்று எதையும் கட்டாமல், வெறும் தரையில் ஒரு குழியைத் தேய்த்து முட்டையிடும். சரளைக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் புல் வெட்டும் டிராக்டர் ஏறி ஆறு கூடு ஒரே நாளில் கூழாகிப் போயின. டிராக்டர்காரன் பாவம், தெரியாமல் செய்தது. அன்றைக்குக் காவல்காரி சோறு தின்னவில்லை. மறுநாள் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து, கைப்பிடி அளவுக் கற்களுக்குப் பூசிக் காயவைத்தாள். கூடு கண்ட இடத்தில் ஒரு கல். கல்லிலிருந்து தண்ணீர்ப் பக்கமாகப் பத்துக் காலடி வைத்தால் கூடு.

"பக்கத்திலேயே வச்சா என்னம்மா?" என்று கேட்டேன்.

"காக்கா பாத்துட்டே இருக்கும் அண்ணே. இந்தப் பொம்பளை தினம் எங்க குனியுறான்னு பாத்து வச்சுக்கும். பத்தடி தள்ளி வச்சா அதுக்குக் கணக்குப் புரியாது."

புல் வெட்டுகிறவர்கள், டிராக்டர்காரன், பாதை கூட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு கூடுகூட மிதிபடவில்லை. காக்காவின் புத்தியை அவ்வளவு யோசித்தவள், தன் வீட்டில் சோறு தின்கிற புத்தியை யோசிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, யார்தான் யோசிப்பார்கள்.

இந்த வருஷம் வெயில் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கே சரளை கொதித்தது. தண்ணீர் பின்வாங்கி, கரையில் சேறு பிளந்து, காற்றில் மீன் நாற்றம். அந்தக் காய்ச்சலிலும் தெற்குக் கரையில் நாலு கூடு. காவல்காரி எனக்கு விரல் விட்டுக் காட்டினாள். ஒன்றில் மூன்று முட்டை, மற்ற மூன்றிலும் நந்நான்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை சுற்று முடித்து வந்தவள் என் ஜன்னலில் கம்பைச் சாய்த்துவிட்டு நின்றாள். முகம் சரியில்லை.

"முதல் கூடு போச்சு அண்ணே."

"கீரியா?"

"கீரின்னா ஓடாவது கிடக்கும். மூணு முட்டையும் முழுசா கிடக்கு. தாய் மட்டும் இல்ல. தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு."

"பாம்பு, பருந்து ஏதாவது தாயைத் தூக்கியிருக்கும்."

"இருக்கலாம்" என்றாள். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவதும் மூன்றாவதும். அதேபோல. முட்டைகள் முழுசாக, தாய் இல்லாமல். இந்தத் தடவை அவள் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். கூட்டிலிருந்து நாலடி தூரத்தில் புல்லை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. நடுவே தரையில் மூன்று குழி, முக்கோணமாக.

"இது என்ன குழின்னு சொல்லுங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் அந்த மூன்று காலைத் தோளில் தூக்கிக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டித்தானே போகிறார்கள். "கேமரா ஸ்டாண்டும்மா" என்றேன்.

"மறைக்குதுன்னு புல்லைப் பிடுங்கியிருக்கான். நாலடில ஆளு உக்காந்திருந்தா அது எப்படி வந்து உக்காரும்? சுத்திச் சுத்தி ஓடியிருக்கும். இறக்கை முறிஞ்ச மாதிரி இழுத்துட்டு நடிச்சிருக்கும், தன் பின்னால வரட்டும்னு. இவன் அதையும் படம் எடுத்திருப்பான். அதுக்குள்ள வெயில்ல முட்டை வெந்துருச்சு." பிடுங்கிப்போட்ட புல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஆனா எப்படிண்ணே கண்டுபிடிச்சான்? நானே ஒரு கூட்டுக்கு மூணு நாள் தேடுவேன். இவன் நேரா வந்து உக்காந்திருக்கான்."

பதில் வியாழக்கிழமை தானாக வந்தது. பல் டாக்டர் ஒருவர் உண்டு. பெரிய மனிதர், அதைவிடப் பெரிய லென்ஸ். வாரம் இரண்டு தடவை தம்பியின் வேனில் தன் கூட்டாளிகளோடு வருவார். அன்றைக்கு டிக்கெட் வாங்கும்போது போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். உப்புக்கொத்தி ஒன்று ஒரு பக்க இறக்கையை விரித்துத் தரையில் இழுத்தபடி நிற்கிறது. கண்ணில் வெயில் மின்னுகிறது. படம் என்னவோ அழகுதான், கையை உடைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"டான்ஸ் ஆடுது பாருங்க! உங்க டிபார்ட்மென்ட் காலண்டர்ல அட்டைப் படமே இதுதான். லெட்டர் வந்துருச்சு."

காவல்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தார். "உங்க தம்பிக்குத்தான் தாங்க்ஸ் சொல்லணும். அந்த வெள்ளைக் கல்லு ரகசியத்தை அவர் மட்டும் சொல்லலேன்னா நாங்க வருஷம் பூரா தேடியிருப்போம்."

வேனில் சாய்ந்துகொண்டிருந்த தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேனுக்கு மட்டும் ஆறேகாலுக்கே டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். நம்ம வீட்டுப் பையன்தானே என்று. அவள் சுற்று முடித்து வடக்குக் கரையில் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இவர்கள் தெற்குக் கரையில் குந்தியிருக்கிறார்கள்.

மத்தியானம் சோற்றுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். தம்பி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முட்டைக் குழம்பு. அவள் கரண்டியோடு நின்றாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"பொட்டுல அடிச்ச மாதிரி கேக்குறேன், பட்டுன்னு சொல்லு. எத்தனை நாளா என் கல்லைக் காட்டிக் கொடுக்குற?"

"காட்டிக் கொடுக்குறது கீட்டிக் கொடுக்குறதுன்னு பெரிய வார்த்தை எல்லாம் பேசாதக்கா. ஒரு கல்லு. ஊருக்கே தெரிஞ்ச கல்லு. டிராக்டர்காரனுக்குத் தெரியும், கூட்டுறவனுக்குத் தெரியும்..."

"அவங்க மிதிக்காம இருக்கறதுக்குச் சொன்னது. உனக்கும் அதுக்குத்தான் சொன்னேன். கையைப் பிடிச்சு நடக்க வச்சு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ண வச்சுச் சொல்லிக் கொடுத்தேன்."

"நான் முட்டையைத் தொட்டேனா? எடுத்துட்டு வந்து ஆம்லெட் போட்டேனா? தூரத்துல நின்னு படம் எடுத்தா உன் பறவைக்கு என்ன தேய்ஞ்சு போச்சு?"

"மொட்டைமாடில மத்தியானம் அரை மணி நேரம் வெறும் உடம்போட படு. என்ன தேயுதுன்னு தெரியும். பதினொரு முட்டைடா. தொட்டுப் பாத்தியா நீ? நான் தொட்டுப் பாத்தேன்."

கேன்டீன்காரன் வாசலில் வந்து நின்றான். கையில் தோசைக்கரண்டி, நெற்றியில் வேர்வை. "சத்தம் கடை வரைக்கும் கேக்குது. ஆளுங்க டீயைக் கையில வச்சுட்டு இங்கயே பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"விடு. பறவை முட்டை போனா அடுத்த வருஷம் வேற முட்டை போடும். தம்பி போனா வேற தம்பி வருவானா?"

"அடுத்த வருஷம் போடுமா? நீங்க போய்க் கேட்டுட்டு வந்தீங்களா?"

"அவன் வேன்ல வர்ற பத்துப் பேரும் நம்ம கடையிலதான் திங்குறாங்க. அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

"ஓ" என்றாள். கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள். "உங்களுக்கும் தெரியும்."

கேன்டீன்காரன் கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டான். அவனுக்குப் பொய் சொல்லவும் வராது, உண்மை பேசவும் தைரியம் கிடையாது. "தெரியும்னா... அன்னைக்கு ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னான்."

"ஏண்ணே, உங்களுக்கும் தெரியுமா?"

என் வாயில் சோறு இருந்தது. அவன் கல்லைக் காட்டிக் கொடுப்பது சத்தியமாகத் தெரியாது என்றேன். ஆறேகால் மணி டிக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

தம்பி எழுந்து கைகழுவினான். "வேற வேன்ல ஏன் யாரும் வர மாட்டேங்குறாங்க தெரியுமாக்கா? நான்தான் கூடு காட்டுவேன்னு. எனக்குன்னு வேற என்ன இருக்கு? படிப்பா, சொத்தா? எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதுவும் நீ சொல்லிக் கொடுத்தது."

"இன்னும் ஒரு கூடு இருக்கு. நாலு முட்டை. ஞாயிறு, திங்கள்ல பொரிச்சிரும். அதுகிட்ட உன் வேன்காரங்க யாராவது போனாங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

இதற்குள் இன்னொரு கூத்து. வயசான தம்பதி ஒன்று வாரம் தவறாமல் நடக்க வரும். நல்ல மனிதர்கள், காலடிச் சத்தம்கூடக் கேட்காது. அவர்கள் என் ஜன்னலில் தொங்கும் புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். தெற்குக் கரையில் யாரோ வெள்ளைக் கல் வைத்துக் கூடுகளை அடையாளம் காட்டுகிறார்கள், கேமராக்காரர்கள் அங்கேயே போகிறார்கள், ஊழியர்கள் யாரோ உடந்தை என்று சந்தேகம். எழுதியதில் ஒரு பொய் இல்லை. புத்தகத்தை மேலே அனுப்புவது என் வேலை. அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கெட்டவர் கிடையாது. யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர், அது அதைவிட மோசம்.

"கல்லு வச்சது யாரு?"

"நான்தான் சார்." எதற்கு என்று சொன்னாள். டிராக்டர், ஆறு கூடு, காக்கா, எல்லாம்.

"யாரைக் கேட்டு வச்ச? ஆர்டர் இருக்கா?"

"கேட்டு, ஆர்டர் வர்றதுக்குள்ள அது முட்டை போட்டு, பொரிச்சு, பறந்தே போயிரும் சார்."

"வாய் பேசாத. வெளியாளுக்கு யார் சொன்னா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். என் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. ஒன்பது வயதுப் பையனின் தலையைச் சீவிய கை, கம்பைத் தரையில் குத்திக்கொண்டிருந்தது.

"சொல்ல மாட்டியா? சரி. திங்கட்கிழமை விசாரணை. அதுவரைக்கும் டியூட்டி கிடையாது, உள்ள காலு வைக்கக் கூடாது. காக்கியைக் கழட்டி ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போ."

"சார், நாலாவது கூடு..."

"அதை நாங்க பாத்துக்குறோம்."

யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒரு ஆளும் தெற்குக் கரைப் பக்கம் போகவில்லை. நான் போனேன், மூச்சு வாங்க. பறவை உட்கார்ந்திருந்தது. அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, வெயிலில் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வந்து சொன்னதற்கு அவள், "கல்லை எடுத்து என்ன பிரயோஜனம், அவன் மண்டைக்குள்ள இருக்குறதை எடுப்பீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை. இந்தத் தடவை ஆறேகாலுக்குக் கேட்டவர்களிடம் மணியைக் காட்டினேன். தம்பி முறைத்தான். டாக்டர் மட்டும்தான் வந்திருந்தார், கூட்டாளிகள் இல்லை. வாசல் திறந்ததும் இருவரும் வேகமாக உள்ளே போனார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஜன்னலில் ஒரு கை பணத்தை நீட்டியது.

"ஒரு டிக்கெட்."

காவல்காரி. காக்கி இல்லாமல், சாதாரணத் துணியில். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு டிக்கெட் கிழிக்கிறேன்.

"உள்ள வரக்கூடாதுன்னாரே..."

"டியூட்டிக்கு வரக்கூடாதுன்னார். நான் சுத்திப் பாக்க வந்திருக்கேன். கொடுங்க."

கொடுத்தேன். ஜன்னலைச் சாத்தி, பூட்டி, நானும் பின்னாலேயே போனேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். கத்தட்டும்.

தெற்குக் கரை வளைவில் நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் பாதையில் நின்றிருந்தார்கள். இருபதடி தள்ளிச் சரளையில் அந்தப் பறவை. கல் இல்லாமலே தம்பி இடத்தைக் காட்டியிருந்தான். காவல்காரி அவர்களுக்கு முன்னால் குறுக்கே நின்றாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. அவள் தொண்டை நரம்பு புடைத்திருந்தது, கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் மூச்சுக்கு மேல் வரவில்லை. பறவை எழுந்துவிடக் கூடாதே. அவள் கிசுகிசுப்பதைப் பார்த்து அவனும் கிசுகிசுத்தான், பழக்கதோஷம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"கூட்டிட்டுப் போயிரு."

"வழியை விடுக்கா."

"இன்னைக்குப் பொரிக்கப் போகுதுடா. உள்ளயிருந்து கொத்த ஆரம்பிச்சிருக்கும். இன்னும் ஒரு நாள். ஒரே நாள் விடு."

"பொரிக்கிறப்பதான் அவருக்குப் படம் வேணும். அதுக்குத்தான் வந்திருக்காரு."

"நாயே. உன்னை நான் வளத்ததுக்கு ஒரு..."

"சொல்லு, சொல்லிக்காட்டு. அதை எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

டாக்டருக்குக் கிசுகிசுப்பெல்லாம் வரவில்லை. "இந்தம்மா சஸ்பெண்ட்தானே? இவங்க எப்படி உள்ள வந்தாங்க?" என்றார் உரக்க. பறவை தலையைத் தூக்கியது.

அவள் டிக்கெட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "மெதுவா பேசுங்க. பாதையை விட்டு இறங்கக் கூடாதுன்னு இதுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கு, படிங்க. படிச்சவர்தானே?"

அவர் படிக்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு சரளையில் இறங்கினார். பறவை எழுந்தது. கொஞ்சத் தூரம் ஓடி, ஒரு இறக்கையைத் தொங்கவிட்டு, முறிந்த மாதிரி இழுத்துக்கொண்டு கத்தியது. டாக்டர் ஸ்டாண்டின் மூன்று காலையும் விரித்தார். காவல்காரி ஓடவில்லை. சரளையில் கூட்டை மிதித்துவிடாமல், ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, லென்ஸுக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இப்ப எடுங்க" என்றாள். "என் மூஞ்சியை எடுங்க. காலண்டர்ல போடுங்க."

டாக்டர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

தம்பி வந்தான். அக்காவின் மேல்கையைப் பிடித்தான். நான் இருபதடி தூரத்தில் நின்றுகொண்டு, அவரைப் பிடித்து இழுக்கப்போகிறான், அவரைத்தான் இழுக்கப்போகிறான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இழுத்தது அவளை. ஒரு மூட்டையை நகர்த்துகிற மாதிரி இழுத்து, ஓரமாக நிறுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டான். கேமரா டிக் டிக் டிக் என்று அடித்தது.

அவள் திமிறவில்லை. திமிறினால் காலுக்குக் கீழே கூடு. தன் கையைப் பிடித்திருந்த அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கையை எடு" என்றாள் கடைசியில். இன்னும் கிசுகிசுப்பாகவே.

"அவர் முடிக்கட்டும்."

நான் அங்கே நின்று என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பாதையில் நின்று கூப்பாடு போட்டேன். அதனால் பறவை இன்னும் தூரம் போனதுதான் மிச்சம். டாக்டர் ஐம்பது நிமிஷம் எடுத்தார். ஐம்பது நிமிஷமும் அவன் கையை விடவில்லை. அவர்கள் போன பிறகு அவள் பாதைக்கு வந்து, என்னோடு வெயிலில் நின்று காத்திருந்தாள். பறவை திரும்பி வந்து உட்கார இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. அவள் கையில் நாலு விரலின் அடையாளம் சிவப்பாகக் கிடந்தது. அன்று கேன்டீனில் கூட்டம் நெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் தெற்குக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சு, கோலிக்குண்டு அளவு, தாய்க்குப் பின்னால் ஓடியது. மற்ற மூன்றும் சரளையோடு சரளையாகக் கிடந்தன. விசாரணைக்கு வந்து நின்றவளிடம் சொன்னேன். "ஒண்ணுதானா?" என்றாள்.

அதிகாரியின் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வாக்குமூலம் எழுத என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

"கல்லு வச்சது நான்தான்" என்று ஆரம்பித்தாள். "ஆர்டர் இல்லாம வச்சேன். அதை முதல்ல எழுதுங்க அண்ணே." எழுதினேன். டிராக்டரிலிருந்து நேற்று வரை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் பேர் வந்ததும் அதிகாரி கையைத் தூக்கினார்.

"அவரை 'ஒரு பார்வையாளர்'னு போட்டுக்கலாம். பெரிய இடம். ஆதாரம் வேணும்."

"காலண்டர் அட்டைல படத்துக்குக் கீழ அவர் பேரைப் போடப் போறீங்கல்ல சார்? அந்த ஆதாரம் போதாதா?"

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். நான் பேரை எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"இப்ப நீ சொன்ன அந்த வேன்காரன்..." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உன் சொந்தத் தம்பின்னு கேள்விப்பட்டேன். பேரு எழுதினா பர்மிட் போயிரும், கேசும் வரும். உன் வேலையும் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது, கல்லு வச்சதை நீயே ஒத்துக்கிட்ட. யோசிச்சுக்கோ. 'ஒரு வேன் ஓட்டுநர்'னு போட்டா அத்தோட போயிரும். நான் கண்டுக்க மாட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே தம்பி நின்றிருந்தான், பக்கத்தில் கேன்டீன்காரன். இருவருக்கும் உள்ளே பேசுவது கேட்கும். கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, வியாழக்கிழமைச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் குரலை உயர்த்தினாள்.

"பேரு எழுதுங்க அண்ணே. எங்க அப்பா பேரையும் சேத்து முழுசா எழுதுங்க. அதே பேருல வேன் ஓட்டுற வேற எவனாவது இருப்பான், பாவம், அவன் மாட்டிக்கக் கூடாது."

பேனாவை உதறிப் பார்த்தேன். அவள் நகரவில்லை. எழுதினேன். அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி காகிதத்தை மடித்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "வீட்டுக்குப் போ. ரெண்டு நாள் அந்தப் பையன் மூஞ்சில முழிக்காத."

"எப்படி சார் முழிக்காம இருக்கறது? ஒரே வீடு. போய்ச் சோறாக்கணும்." கதவுவரை போனவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். "அவனுக்கும் சேத்துத்தான் ஆக்குவேன். நானே தட்டு வச்சு, நானே போடுவேன். எதிர்ல உக்காந்து, அவனுக்குத் தொண்டையில இறங்குதான்னு பாக்குறேன்."